மதுரையில் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பேண்டு: சொந்தப் பாட்டு மட்டும் வாசித்தால் எடுபடுமா?

கூடல்நகர் கிதார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. கல்லூரியில் படிக்கும்போது கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். வேலை, கல்யாணம், மகள் படிப்பு என்று அது பரணில் ஏறிவிட்டது. மகள் வேலைக்குப் போன பிறகு இறக்கி, கம்பி மாற்றி, மறுபடியும் உட்கார்ந்தேன். இந்தத் தடவை சினிமாப் பாட்டுப் பக்கம் கை போகவே இல்லை. சொந்த மெட்டுகள்தான் வந்தன. எழுதி முடித்த பாட்டுகளே இப்போது ஒரு கச்சேரிக்குக் காணும். எல்லாம் நம் ஊர் விஷயங்கள். செல்லூர்த் தறிச் சத்தம், அப்பா வேலை பார்த்த மில்லின் சங்கு, பெரியார் பஸ் நிலையத்தில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம், தண்ணீர் இல்லாத வைகை.

இதையெல்லாம் மொட்டை மாடியில் தனியாகப் பாடிக்கொண்டிருக்க விருப்பமில்லை. நாலு பேர் சேர்ந்து, ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் பிடித்து வாசிக்கிற அந்தச் சுகம் வேண்டும். தெரிந்தவர்களிடம் சொன்னால், "ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிங்க, திருவிழா சீசன்ல நல்லா ஓடும்" என்கிறார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. வயதானவர்கள் சேர்ந்து சொந்தப் பாட்டு மட்டும் வாசிக்கிற குழு நம் ஊரில் நிற்குமா? தாளத்துக்கு டிரம்ஸ் வைப்பதா, பறை வைப்பதா? வீட்டில் ஒத்திகை பார்த்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகைப் பாட்டு இப்படித் தொடங்கும்:

பாலத்து மேல நின்னா ஆறு தெரியுது
ஆத்துக்குள்ள பாத்தா ஆடு மேயுது

செல்போனில் பதிந்த ஒலித்துண்டையும் இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.


செல்லூர் கீபோர்டு:

தம்பி, வயதில் மூத்தவன் என்பதால் அப்படியே கூப்பிடுகிறேன். மெல்லிசை மேடையிலேயே தலை நரைத்தவன் நான். உங்களுக்கு ஆசை இருக்கிறது, பாட்டும் நன்றாக இருக்கிறது. ஆனால் கூட்டத்தின் மனசு எப்படி என்று நான் பார்த்திருக்கிறேன்.

பங்குனி, சித்திரையில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மேடை ஏறினால் முதலில் சாமி பாட்டு. அப்புறம் கீழேயிருந்து சீட்டு வர ஆரம்பிக்கும். சீட்டில் பாட்டின் முதல் வரி எழுதியிருக்கும், கூடவே ரூபாய் நோட்டு மடித்திருக்கும். அந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். தெரியாத பாட்டு ஒன்று வாசித்தால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவதும் தெரியாத பாட்டு என்றால் நாற்காலி காலியாகத் தொடங்கும். அவர்கள் மேல் தப்பு இல்லை. நாள் முழுக்க உழைத்தவன் தெரிந்த பாட்டைத்தான் கேட்க வருகிறான்.

அதனால் என் யோசனை: பத்து சினிமாப் பாட்டு எடுங்கள். நாலாவது இடத்தில் உங்கள் பாட்டு ஒன்று, எட்டாவது இடத்தில் இன்னொன்று. குழுவுக்குப் பேர் வந்த பிறகு சொந்தப் பாட்டைக் கூட்டுங்கள். வாசிக்க வருகிறவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. வருமானம் இல்லாத குழு ரொம்ப நாள் ஓடாது.


பசுமலை பேஸ்:

செல்லூர் அண்ணே சொல்வதில் பாதி சரி. வருமானத்துக்கு என்றால் அவர் வழிதான். ஆனால் கூடல்நகர் சார் கேட்டது வேறு. பத்துக்கு இரண்டு என்று தொடங்கிய குழுக்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டுதான் முதலில் கழன்று விழும். ஒத்திகைக்கு நேரம் பத்தாது, புதுப்பட ஹிட்டை எடுக்க வேண்டியிருக்கும், "நம்ம பாட்டை அடுத்த கச்சேரியில பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த கச்சேரி வரவே வராது.

எனக்கு 47. சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிதார் பழகியவன். இப்போது ஷிப்டு வேலை. நம் வயதில் திறமைக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம் என்று முதலிலேயே கட்டிவிடுங்கள். "எல்லாருக்கும் வசதிப்படும்போது கூடுவோம்" என்றால் யாருக்கும் வசதிப்படாது. ஒருவர் வராவிட்டாலும் மற்றவர்கள் கூடுங்கள். அன்றைக்கு அவர் இல்லாத பாட்டைப் பார்க்கலாம்.

எடுத்த எடுப்பில் பத்துப் பாட்டையும் தூக்காதீர்கள். மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் போடுங்கள். முன்னிசை நாலு சுற்று, பல்லவி இரண்டு தடவை, இரண்டாவது தடவையில்தான் பேஸ் உள்ளே வருகிறது, சரணத்தில் தாளம் நிற்கிறது, கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லோரும் ஒரு தட்டு மௌனம். இதை எழுதி ஆளுக்கொன்று கையில் கொடுத்தால் சண்டை பாதி குறையும். ஒத்திகையைச் செல்போனில் பதிந்து அன்று இரவே குழுவில் போடுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத பிசகெல்லாம் அதில் கேட்கும்.


பின்பாட்டு ஆர்மோனியம்:

ஒத்திகை என்று வந்ததால் ஒரு வார்த்தை. நான் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் போடுகிறவன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்திலிருந்து நாடகப் பாட்டுக்கு இந்த ஊர் ஒரு தாய்வீடு. எங்கள் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். மேடைக்கு வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. விடிய விடிய நாடகம் நடக்கும், பாட்டு பிசகாது.

எப்படி என்றால், கதையும் பாட்டும் மெட்டும் எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். வள்ளி திருமணத்தில் எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பது ஊறிப்போன விஷயம். ஆர்கெஸ்ட்ராவும் ஏறக்குறைய அப்படித்தான். சினிமாப் பாட்டை எல்லோரும் கேட்டிருப்பதால் ஒரு நாள் ஒத்திகையில் மேடை ஏறலாம்.

சொந்தப் பாட்டு அப்படி இல்லை. எழுதியவர் தலைக்குள் மட்டும்தான் அது இருக்கிறது. பேஸ் வாசிக்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. முதலில் உங்கள் நாலு பேருக்கு அது தெரிந்த பாட்டாக ஆக வேண்டும். தாள் பார்க்காமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிற அளவுக்கு. அது வந்துவிட்டால் கேட்கிறவனும் உட்கார்வான். தடுமாறி வாசிக்கிற புதுப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் எழுந்து போகிறார்கள். பாட்டு புதுசு என்பதற்காக மட்டும் யாரும் போவதில்லை.


தெப்பக்குளம் வயலின்:

ஆர்மோனியம் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுக்கிறேன்.

கூடல்நகர் சார், ஒலித்துண்டைக் கேட்டேன். மெட்டு அழகு. ஆனால் 3 கட்டைச் சுருதியில், அதாவது ஈ-யில் பாடியிருக்கிறீர்கள். கிதாரில் ஈ கார்டு கைக்குச் சுலபம் என்பதால் அந்தச் சுருதி வந்திருக்கிறது, உங்கள் தொண்டை அதைக் கேட்கவில்லை. சரணத்தில் மேல் மத்யமத்தைத் தொடும் இடத்தில் குரல் இறுகுகிறது. 1 கட்டைக்கு, அதாவது சி-க்கு இறக்கிப் பாருங்கள். கேப்போ (கிதார் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) இருந்தால் ஏ கார்டு வடிவங்களை வைத்துக்கொண்டு மூன்றாவது ஃபிரெட்டில் போடுங்கள், 1 கட்டை வந்துவிடும். திறந்த கம்பியின் ஓசையும் கெடாது.

சொந்தப் பாட்டு வாசிப்பதில் நம் வயதுக்காரர்களுக்குக் கிடைக்கிற பெரிய லாபமே இதுதான் என்பேன். மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். படத்தில் பாடியவர் எந்தச் சுருதியில் பாடினாரோ அதே சுருதியில் பாட வேண்டும், இல்லாவிட்டால் "ஒரிஜினல் மாதிரி இல்லை" என்பார்கள். இருபத்தைந்து வயதுத் தொண்டைக்குப் போட்ட மெட்டை ஐம்பத்தைந்தில் எட்டிப் பிடித்துக்கொண்டிருப்போம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குரல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. நான் முன்பு 5½ கட்டையில் பாடினேன், இப்போது 5தான் சுகம். சொந்தப் பாட்டுக்கு ஒப்பிட வேறு குரலே கிடையாது. உங்கள் குரல் இன்றைக்கு எங்கே நிம்மதியாக நிற்கிறதோ, அதுதான் அந்தப் பாட்டின் அசல் சுருதி.

வரியைப் பற்றியும் ஒன்று. "தெரியுது" என்பதில் நாலு எழுத்தும் குறில். "மேயுது" என்பதில் ஒரு நெடில், இரண்டு குறில். இரண்டுக்கும் நாலு மாத்திரைதான், அதனால் தாளத்தில் சரியாக உட்காருகின்றன. ஆனால் வரியின் கடைசியில் குரலை நீட்டுகிறீர்கள். "து" நீட்டுவதற்கான எழுத்து இல்லை, நீட்டினால் "தூ" என்று கேட்கிறது. "தெரியுதே", "மேயுதே" என்று மாற்றிப் பாடுங்கள். "தே"யில் குரல் தாராளமாக நிற்கும். தெம்மாங்கு பாடுகிறவர்கள் வரி முடிவில் ஏகாரமும் ஓகாரமும் வைப்பது இதற்காகத்தான்.


கூடல்நகர் கிதார்:

மேடம், இப்போதுதான் பாடிப் பார்த்தேன். "தெரியுதே" என்று வந்ததும் வரியே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஏக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. 1 கட்டையில் மூச்சு முட்டவில்லை. ரொம்ப நன்றி.

செல்லூர் அண்ணே, நீங்கள் சொன்னதை ஒதுக்கவில்லை. திருவிழா மேடை எனக்கு வேண்டாம் என்பதுதான். ஐம்பது பேர் உட்கார்ந்து கேட்டால் போதும்.


மேலூர் பறை:

அண்ணே, டிரம்ஸா பறையா என்று கேட்டிருந்தீர்கள். நான் பறையும் உறுமியும் வாசிக்கிறவன். பறை வேண்டும் என்றால் முதலிலிருந்தே உள்ளே கொண்டுவாருங்கள். பாட்டெல்லாம் கட்டி முடித்துவிட்டு, "கிராமத்து வாசனைக்கு ரெண்டு பாட்டுல வந்து அடிங்க" என்று கூப்பிடுகிற வழக்கம் நிறைய இருக்கிறது. அது எங்களுக்கு மரியாதையும் இல்லை, பாட்டுக்கும் நல்லது இல்லை. பறையின் அடி மெட்டையே மாற்றும். "ஆடு மேயுதே" பாட்டுக்கு நீங்கள் நாலு தட்டுத் தாளம் வைத்திருக்கிறீர்கள். மூன்று மூன்றாக அடித்தால் கும்மி நடைக்குப் போய்விடும், வரி துள்ளும். எது வேண்டும் என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டும்.

நடைமுறைச் சங்கதி ஒன்று. தோல் பறையைச் சூடு காட்டித்தான் வாசிக்க முடியும். வெளியில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு உள்ளே வந்தால், ஏசி அரங்கில் கொஞ்ச நேரத்திலேயே தோல் தொய்ந்து "தொம்" என்று ஆகிவிடும். கல்யாண மண்டபத்தில் தீ மூட்ட விட மாட்டார்கள். அதனால் ஃபைபர் பறை ஒன்று வைத்திருக்கிறோம். ஓசை ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உள்ளரங்கத்துக்கு அதுதான் தோது. வெளியில் வாசித்தால் தோல் பறைதான்.

வீட்டு ஒத்திகைக்குப் பறை ஆகாது. தெரு முழுக்கக் கேட்கும். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் தோப்பு இருக்கிறது.


அழகர்கோயில் ரோடு 23:

நான் 23. இதில் எழுதலாமா தெரியவில்லை. "சொந்தப் பாட்டைக் கூட்டம் கேட்காது" என்பது இப்போது அப்படியே உண்மை இல்லை என்று நினைக்கிறேன். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியபோது, கானாவும் பறையும் ராப்பும் கலந்து மேடையில் ஒரு பெரிய கூட்டமே சொந்தப் பாட்டு பாடியது. கேட்கவும் பெரிய கூட்டம் வந்தது. எங்கள் கல்லூரியிலும் தனிப்பாடல் கேட்கிறவர்கள் நிறைய. பாடுகிறவர் வயது என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. பரவை முனியம்மா 2003இல் சினிமாவில் பாடும்போது இளம் வயதா என்ன?


செல்லூர் கீபோர்டு:

தம்பி, தாராளமாக எழுதலாம். ஆனால் அந்தக் குழுவுக்குப் பின்னால் பேர் பெற்ற ஒரு சினிமா இயக்குநர் இருந்தார். அவர்கள் பாட்டில் ஒரு போராட்டக் குரல் இருந்தது, அதைக் கேட்க ஏற்கெனவே ஆட்கள் தயாராக இருந்தார்கள். கூடல்நகரில் இருந்து ஒரு கிதாரும் ஒரு பேஸும் கிளம்பினால் அந்தக் கூட்டம் தானாக வராது. அதைத்தான் சொல்கிறேன்.


மேலூர் பறை:

பரவை முனியம்மா பற்றி ஒரு திருத்தம். அவர் வயதான பிறகு தொடங்கியவர் இல்லை. சினிமாதான் அவரை வயதான பிறகு பார்த்தது. அதற்கு முன்னாலேயே பல காலம் கிராமத்து மேடைகளில் பாடிப் பாடி ஏறிய குரல் அது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் கையில் பறை எத்தனை காலமாக இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். கூடல்நகர் அண்ணனும் இத்தனை வருஷம் மனசுக்குள் மெட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். பேண்டுதான் புதுசு.


எஸ்.எஸ். காலனி வீடு:

நான் வாசிக்கிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு இதுபோல ஒரு குழு வைத்திருக்கிறார், எங்கள் வீட்டு மாடியில்தான் ஒத்திகை. வீட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இதில் சந்தோஷம்தான். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ஆனால் தொடங்கும்போதே சிலதைப் பேசி வையுங்கள். ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்பதைச் சொன்ன நேரத்தில் முடியுங்கள். டீயும் பலகாரமும் வீட்டுக்காரி போட்டுக் கொடுப்பாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒருவர் கடையில் வாங்கி வரட்டும். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் மார்ச் மாதம் முழுக்க வேறு இடம் பாருங்கள். அக்கம்பக்கத்தாரை ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து இரண்டு பாட்டு பாடிக் காட்டுங்கள். எங்கள் தெருவில் அதற்கப்புறம் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒரு பாட்டி கீழேயிருந்து, "அந்த ரயில் பாட்டை இன்னிக்குப் பாடலையா" என்று கேட்கிறார்கள்.

பெண்களையும் குழுவில் சேருங்கள். பாட்டு கற்று, கல்யாணத்தோடு நிறுத்தியவர்கள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஒத்திகை என்றால் அவர்களால் வர முடியாது. ஞாயிறு மதியம் வையுங்கள், வருவார்கள்.


ஒத்தக்கடை ஒலி:

மேடை ஒலி அமைப்பதும் சின்ன ஸ்டூடியோ வேலையும் என் தொழில். வீட்டு ஒத்திகை பற்றி நிறையப் பேர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. போகும். அது அறைக்குள் எதிரொலியை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். சத்தம் கதவு இடுக்கிலும் ஜன்னலிலும்தான் கசிகிறது. சத்தத்தைத் தடுப்பதற்குச் செலவழிப்பதைவிட, குறைவாக உண்டாக்குவது லாபம். டிரம்ஸுக்குப் பதில் கஹோன் வையுங்கள், மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி அது. கிதார், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் சின்ன மிக்சரில் செருகி ஆளுக்கொரு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால், பக்கத்து அறைக்குக்கூடப் பாடுகிறவர் குரலும் கஹோன் தட்டும் மட்டும்தான் கேட்கும்.

காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்கு மேல் நுண்ணிய ஓசைகள் கேட்பது குறைகிறது, உடனே எல்லோரும் ஒலியைக் கூட்டுகிறார்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்குப் போனால் கால் மணி நேரம்தான். ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனதும் காதில் "ங்ங்" என்று ரீங்காரம் இருந்தால் அன்று சத்தம் அதிகம் என்று பொருள்.

பதிவு செய்ய ஸ்டூடியோதான் போக வேண்டும் என்பதில்லை. இரண்டு மைக் செருகுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல டைனமிக் மைக், ஹெட்ஃபோன், கணினி போதும். வீட்டில் கண்டென்சர் மைக் வாங்காதீர்கள். ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், மாடியில் காக்கை எல்லாம் அதில் விழும். டைனமிக் மைக் வாய்க்கு அருகில் இருப்பதை மட்டும் எடுக்கும். ஆடி மாதத்திலும் சித்திரைத் திருவிழா நாட்களிலும் பதிவு வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு தெரு தள்ளிக் கட்டிய ரேடியோ செட்டும் உங்கள் சரணத்தில் கேட்கும்.

இப்போது சொல்லப்போவதை யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். வெளியூர் மேடை, மண்டபம், யார் வீடாக இருந்தாலும், செருகுவதற்கு முன் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். கிதார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும். எர்த் இல்லாத இணைப்பில் இரண்டுக்கும் இடையே உங்கள் உடம்பு வழியாக மின்சாரம் பாயக்கூடும். ஒரு மண்டபத்தில் பாடகர் ஒருவர் உதடு சுண்டிப் பின்னால் விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன், தலை தப்பியது அதிர்ஷ்டம். ஆம்பிளிஃபயரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறது என்பதற்காக பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லோருடைய ஆம்பிளிஃபயரையும் மிக்சரையும் ஒரே பிளக்கிலிருந்து எடுத்தாலே அந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.


சட்டமும் ஸ்வரமும்:

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடுகிறேன், மாலையில் மிருதங்கம். கூடல்நகர் சார், குழு தொடங்குமுன் ஒரு பக்கம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெடும் என்று தயங்க வேண்டாம். எழுதாமல் விட்டுத்தான் நட்பு கெடுவதைப் பார்க்கிறேன்.

வரியும் மெட்டும் சட்டத்தில் தனித்தனிப் படைப்புகள். எழுதியவருக்கு வரி, இசையமைத்தவருக்கு மெட்டு. எழுதி முடித்தவுடனேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் தகராறு வந்தால் சான்றாக உதவும். பாடல் வரிக்கோ மெட்டுக்கோ பதிவுக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் ஆயுள் முழுக்க, அதற்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். பேஸ் வாசிக்கிறவர் போட்ட முன்னிசை மெட்டின் பகுதியா, சேர்ந்தே இசையமைத்ததாக வைத்துக்கொள்வதா, ஆளுக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

யாராவது பாட்டைக் கேட்டு வந்தால் எழுத்தில் இல்லாமல் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு படத்தில் பயன்பட்டாலும் எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டிப் பங்கை இழக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ராயல்டியை வசூலித்துக் கொடுக்க 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கீபோர்டிலோ இணையத்திலோ கிடைக்கிற தாளத் துணுக்கை எடுத்து அதன் மேல் பாட்டைக் கட்டினால், அதே துணுக்கை வேறொருவர் முன்பே தன் பாட்டில் பதிந்திருக்கக்கூடும். யூடியூபில் ஏற்றியதும் உங்கள் சொந்தப் பாட்டுக்கு வேறொருவர் உரிமை கோரி நிற்பார். தாளத்தைக் கையால் வாசித்துவிடுங்கள்.

அப்புறம், மாடியில் ஸ்பீக்கர் வைத்துப் பாடினால் இரவு பத்து மணிக்கு முடித்துவிட வேண்டும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை. பொது இடத்தில் என்றால் எழுத்தில் அனுமதியும் வாங்க வேண்டும்.


பசுமலை பேஸ்:

எங்கே வாசிப்பது என்பதற்கு வருகிறேன். ஆட்கள் கேட்பதற்கென்றே உட்கார்கிற இடங்களைத் தேடுங்கள். புதுநத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது மாலை மேடை உண்டு. கல்லூரித் தமிழ்த் துறைகள், சர்ச் அரங்குகள், குடியிருப்போர் சங்கத்து ஆண்டு விழா. எந்த இடமாக இருந்தாலும் முதல் வருஷம் அதே மூன்று நாலு பாட்டைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். இரண்டாவது தடவை கேட்கிறவன் தலையாட்டுவான், மூன்றாவது தடவை பல்லவி பாடுவான். சினிமாப் பாட்டும் வானொலியிலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்பக் கேட்டுத்தானே நமக்குத் தெரிந்த பாட்டு ஆனது.


செல்லூர் கீபோர்டு:

இதை ஒத்துக்கொள்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்க வைப்பதுதான் சூட்சுமம். அப்படியென்றால் ஒரு யோசனை, நிராகரிக்காமல் கேளுங்கள். கல்யாண வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வருவதற்கு முன் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கும். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் சத்தமில்லாமல் உங்கள் பாட்டுகளை வாசியுங்கள். சீட்டு வராது. சம்பளமும் கிடைக்கும்.


மேலூர் பறை:

அண்ணே, சாப்பாட்டுப் பந்திக்கு ஓடுகிற கூட்டத்துக்கு நடுவில் சொந்தப் பாட்டா? எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்துப் பேர் கேட்டாலும் கேட்கிறவன் முன்னால் வாசிக்க வேண்டும்.


செல்லூர் கீபோர்டு:

அது உங்கள் கருத்து. கைக்கு ஒரு பழக்கம் வரட்டும் என்று சொன்னேன். குழு கூடினால் முதல் சில வாரம் கீபோர்டுக்கு நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். கார்டு எழுதிய தாளை மட்டும் முன்னாலேயே அனுப்புங்கள்.


கூடல்நகர் கிதார்:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன், சொந்தப் பாட்டு மட்டும்தான். கல்யாண வரவேற்பு பற்றிக் குழு கூடிய பிறகு எல்லோரும் பேசி முடிவு செய்யலாம்.

ஞாயிறு மதியம் இரண்டரை மணி, நாலரைக்கு முடிவு. இடம் என் வீடு. மேலூர்த் தம்பி, முதல் கூட்டத்துக்குப் பறையோடு வர வேண்டாம், கையோடு வாருங்கள். மேசையில் தட்டிக் காட்டினால் போதும். நாலு நடையா மூன்று நடையா என்பதை அன்றைக்கே பார்த்துவிடுவோம். பிறகு மாதம் ஒரு தடவை உங்கள் தோப்புக்கு எல்லோரும் வருகிறோம். தெப்பக்குளம் மேடம், நேரம் உங்களுக்கு ஒத்துவந்தால் வயலினோடு வாருங்கள். வைகைப் பாட்டின் இரண்டாவது சரணத்தை உங்கள் குரலுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், சுருதி மட்டும் இடிக்கிறது. நான் 1, நீங்கள் 5. என்ன செய்யலாம்?


தெப்பக்குளம் வயலின்:

வருகிறேன். சுருதியை மாற்ற வேண்டாம், 1 கட்டையிலேயே இருக்கட்டும். உங்கள் மெட்டு மேல் ஸ்தாயியில் சுற்றும் இடத்தை நான் மத்யமத்தைச் சட்ஜமாக வைத்துப் பாடிக்கொள்கிறேன், 4 கட்டை மாதிரி ஆகிவிடும். எனக்குக் கொஞ்சம் தாழ்வுதான், ஆனால் அந்த வரிக்குத் தாழ்ந்த குரல் பொருந்தும். கிதாரில் அந்தச் சரணத்துக்கு மட்டும் எஃப் கார்டை மையமாக வைத்து மாற்றி எழுதிவிட்டு வாருங்கள்.


ஒத்தக்கடை ஒலி:

ஞாயிறு நானும் வருகிறேன், மிக்சரும் நாலு ஹெட்ஃபோனும் கொண்டுவருகிறேன். அதற்குள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடி அறைப் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். பார்த்துவிட்டு இங்கேயே ஒரு வரி போடுங்கள்.


கூடல்நகர் கிதார்:

பார்த்தாச்சு. மாடியில் எர்த் வரவில்லை. நாளைக்கு ஒயர் இழுக்க ஆள் வருகிறார்.